மணற்குவியலும் மனிதரும்: துணிக்கை உருவகப்படுத்தல் பற்றி ஒரு விளக்கம்

இயற்கை விஞ்ஞானத்தின் கருவிகள் இலக்கிய மாணவருக்குப் புறம்பானவை என்ற எண்ணம் நமது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. கலைப்பீடமும் பொறியியற்பீடமும் மகாவலியின் இரு கரைகளிலும் எதிரெதிரே அமைந்திருக்கும் பேராதனையிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஆயின், கருவி ஒவ்வொன்றும் உலகைப் பற்றிய ஒரு நோக்கினைத் தன்னுள் கொண்டுள்ளது. அந்நோக்கினை ஆராய்வது இலக்கிய, தத்துவ மாணவரின் கடமைகளுள் ஒன்றாகும். இக்கருத்தை முன்வைத்தே, மேசைக் கணனி ஒன்றில் எவரும் எளிதில் அமைத்து இயக்கிப் பார்க்கக்கூடிய துணிக்கை உருவகப்படுத்தல் நிரலைப் பற்றி ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

ஒரு பொருட்டொகுதியைச் சிறு துணிக்கைகளாகப் பிரித்து, ஒவ்வொரு துணிக்கையும் அடுத்த கணத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு விதிகளை வகுத்து, அவ்விதிகளைக் கணனியைக்கொண்டு மீண்டும் மீண்டும் நிறைவேற்றி, முழுமையின் போக்கினை அவதானிப்பதே துணிக்கை உருவகப்படுத்தலாகும். மணல் சரிவதையும் நீர் பரவுவதையும் தீ எழுவதையும் இவ்வாறு திரையிற் காணலாம். இம்முறையின் அடிப்படையைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகர் மேலைநாட்டு நூல்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

1. மணிமேகலையில் அணுக்கள்

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாவது காதையான சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில், வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளையும் மணிமேகலை கேட்டறிகிறாள். அவர்களுள் ஒருவன் ஆசீவகவாதி. மற்கலியைத் தலைவனாகக் கொண்ட அச்சமயத்தின் கொள்கை, உயிரோடு நால்வகை அணுக்களையும் சேர்த்து ஐந்து பொருள்களை ஏற்பதாகும். நிலவணு வன்மையுடையது, கீழ்நோக்கிச் செல்வது. நீரணு குளிர்ந்து, தாழ்ந்து, பரந்து ஓடுவது. தீயணு சுடுவது, மேல்நோக்கி எழுவது. காற்றணு குறுக்காக இயங்கி அசைப்பது. இவை திரண்டு மலையாகவும் மரமாகவும் உடம்பாகவும் அமையும். பின்னர் பிரிந்து விரியும்.

இவற்றோடு சில மறுப்புக்களும் அங்கே கூறப்படுகின்றன. அணுக்கள் புதிதாகத் தோன்றுவதில்லை. ஒன்றினுள் ஒன்று புகுவதில்லை. நீரணு நிலவணுவாகத் திரிவதில்லை. ஓர் அணு இரண்டாகப் பிளப்பதுமில்லை. தனியணுவைச் சாதாரணக் கண்ணாற் காண இயலாது, திரளையே காண இயலும் என்பதற்குக் காட்டப்படும் உவமை சிந்தனைக்குரியது: மாலை மங்கலில் ஒரு மயிரைத் தனித்துக் காணமாட்டாதவர், மயிர்த்திரளைக் காண்பர் என்பதே அது.

நால்வகைப் பொருள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்க விதி, மீறலாகாத சில தடைகள், தனியணுவுக்கும் திரளுக்கும் உள்ள வேறுபாடு என்பனவே இப்பகுதியின் உள்ளடக்கம். துணிக்கை நிரல் ஒன்றுக்கு வேண்டிய வரைவு முழுவதும் இதில் அடங்கியுள்ளது. நவீன விஞ்ஞானத்தைப் பண்டைத் தமிழர் முன்னரே கண்டறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது நமது நோக்கமன்று. பரிசோதனையும் அளவீடும் இன்றி எழுந்த அணுக்கொள்கை வேறு. நவீன பௌதிகவியலின் அணுக்கொள்கை வேறு. ஆயினும் பகுதிகளின் எளிய ஒழுக்கத்திலிருந்து முழுமையை விளக்கும் சிந்தனை முறை நமது மரபிலும் இருந்தது என்பது மறுக்கவியலாதது.

2. நிரலை அமைத்தல்

இனி நிரலின் அமைப்பை நோக்குவோம். பைதன் போன்ற எளிய கணனி மொழியே இதற்குப் போதுமானது. அம்மொழியின் மூன்றாம் பதிப்பு தமிழ் எழுத்துக்களாலான பெயர்களையும் ஏற்றுக்கொள்வதால் மணல், நீர், தீ என்றே பொருள்களுக்குப் பெயரிடலாம்.

முதலிற் சதுரக் கட்டங்களாலான ஒரு பரப்பை வகுத்துக்கொள்ள வேண்டும். 120 நிரல்களும் 80 நிரைகளும் கொண்ட பரப்பு எனின், மொத்தம் 9,600 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருக்கும். வெற்றிடத்துக்கு 0, மணலுக்கு 1, நீருக்கு 2, தீக்கு 3, அசையாத பாறைக்கு 4 எனக் கொள்ளலாம். கணனி இந்த எண்களை மட்டுமே அறியும். அவற்றுக்கு நிறந்தீட்டித் திரையிற் காட்டும்போதுதான் நமது கண்ணுக்கு மணலும் நீரும் தோன்றுகின்றன.

மணலுக்குரிய விதி வருமாறு: கீழ்க்கட்டம் வெறுமையாயின் அங்கே இறங்குக. கீழே நீர் இருப்பின் அதனோடு இடம் மாறுக. கீழே மணலோ பாறையோ இருப்பின் இடக்கீழ், வலக்கீழ் மூலைகளுள் வெறுமையானதற்குச் செல்க. எங்கும் இடமில்லையேல் நிலைத்திருக்க. நீருக்கும் இவ்விதிகள் பொருந்தும். எனினும் அது மணலுக்குள் இறங்காது, கீழே செல்ல வழியில்லாதபோது பக்கவாட்டில் நகரும். அந்த ஒரு விதியினாலேயே நீர் மட்டமாகப் பரவுகிறது. மணல் குவியலாக நிற்கிறது. தீ மேலெழும், ஒவ்வொரு தீத்துணிக்கைக்கும் ஓர் ஆயுள் எண் கொடுத்து, அது குறைந்து 0 ஆகும்போது அழித்துவிட வேண்டும்.

கட்டங்களைப் பரிசீலிக்கும் ஒழுங்கிலே கவனம் தேவை. மேல்நிரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் சென்றால், ஒரு நிரை இறங்கிய மணற்றுணிக்கை அடுத்த நிரையைப் பரிசீலிக்கும்போது மீண்டும் அகப்பட்டு மறுபடியும் இறங்கும். இவ்வாறு ஒரே சுற்றில் அது தரையை அடைந்துவிடும். விழும் காட்சியே தோன்றாது. எனவே விழும் பொருள்களைக் கீழ்நிரையிலிருந்து மேல்நோக்கியும், எழும் தீயை மேல்நிரையிலிருந்து கீழ்நோக்கியும் பரிசீலிக்க வேண்டும். அதேபோல், இடப்பக்கத்தை முதலிற் சோதிக்குமாறு விதி அமைந்தால் பொருள் யாவும் இடப்பக்கமே சாயும். இதைத் தவிர்க்க, எப்பக்கம் முதலில் என்பதை ஒவ்வொரு முறையும் எழுமாற்றாகத் தீர்மானிக்க வேண்டும்.

செக்கனுக்கு 20 சுற்றுக்கள் எனின் 192,000 கட்டப் பரிசீலனைகள் நிகழும். இன்றைய சாதாரண மேசைக் கணனிக்கு இது பெருஞ்சுமையன்று.

நிரல் சரியாக இயங்குகின்றதா என்பதைச் சோதிப்பதற்கு ஆசீவகவாதியின் மறுப்புக்களே உதவும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மணற்றுணிக்கைகளை எண்ணினால் தொகை மாறாதிருக்க வேண்டும். நீரின் தொகையும் அவ்வாறே. ஒரு கட்டத்தில் இரு துணிக்கைகள் இருத்தலாகாது. தொகை கூடினாலோ குறைந்தாலோ இடமாற்றத்தில் எங்கோ பிழை நேர்ந்துள்ளது. தீ ஒன்றே இக்கணக்குக்கு விலக்கு.

3. இயக்கிப் பார்த்தல்

நிரலை இயக்கி, மேலே ஓரிடத்திலிருந்து மணலைத் தொடர்ந்து சொரியச் செய்தால் ஒரு கூம்பு எழும். அதன் சரிவு எப்பொழுதும் 45 பாகையாகவே அமையும். மகாவலிக் கரையில் அகழ்ந்து குவிக்கப்படும் உலர்ந்த ஆற்றுமணலை அளந்து பார்த்தால் அதன் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரையிலேயே இருக்கும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? நமது கட்டம் சதுரமானது. மூலைக்கு மூலை நகர்வதே நாம் வகுத்த விதி. ஆகவே 45 பாகை என்பது நாம் வரைந்த கட்டத்தின் பண்பு. மணலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு நிரை கீழே இரண்டு நிரல் தூரம்வரை வெற்றிடம் இருந்தாலும் சரியலாம் என விதியை மாற்றினால் சரிவு ஏறத்தாழ 26.6 பாகையாகக் குறைந்துவிடும். திரையிற் காணும் எந்த முடிவையும் நம்புமுன், அது பொருளிலிருந்து வந்ததா, நமது வரைவிலிருந்து வந்ததா என வினவுதல் இன்றியமையாதது என்பதை இந்தச் சிறு பரிசோதனை உணர்த்துகின்றது.

பௌதிகவியலாளர் இதனினும் கண்டிப்பான முறையொன்றைக் கையாள்வர். துணிக்கைகளுக்கிடையேயுள்ள விசையைக் கணித்து, அதிலிருந்து ஆர்முடுகலையும், அதிலிருந்து வேகத்தையும், அதிலிருந்து புதிய இடத்தையும் மிகச் சிறு காலப்படிகளாகக் கணிப்பதே அம்முறை. 1957இல் ஆல்டரும் வெயின்றைற்றும் மோதித் தெறிக்கும் வன்கோளங்களைக்கொண்டு இத்தகைய கணிப்பை மேற்கொண்டனர். 1927இல் ஐதராபாத்திற் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு நிகழ்த்திய அனிசூர் றஹ்மான், 1964இல் 864 ஆகன் அணுக்களின் இயக்கத்தைக் கணித்து, திரவ ஆகனின் பண்புகளை அதிலிருந்து பெற்றுக் காட்டினார். உண்மையான விசைவிதியைக் கொண்டு ஒரு திரவத்தை உருவகப்படுத்திய முன்னோடி ஆய்வாக அது போற்றப்படுகின்றது. றஹ்மானின் கணிப்பைப் பரிசோதனை அளவீட்டுடன் ஒப்பிட முடிந்தது என்பதே அதன் வலிமை. ஒப்பிடுவதற்குப் புற உலகின் அளவீடு இல்லாவிடத்து உருவகப்படுத்தல் வெறும் சித்திரமாகவே எஞ்சும்.

4. ஊழும் விலகலும்

தமிழில் விதி என்ற சொல் ஒழுங்குமுறையையும் ஊழையும் ஒருங்கே குறிக்கும். ஆசீவகரிடத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. அணுக்களுக்கு இயக்கவிதி வகுத்த அதே சமயம், மனிதருக்கு வரும் பேறும் இழவும் இன்பமும் துன்பமும் கருவிலேயே அமைந்துவிட்டன என்றும் கூறிற்று. அணுவுக்கு மீற வழியில்லை, ஆளுக்கும் இல்லை.

கிரேக்க அணுக்கொள்கையிலும் இதே பிரச்சினை எழுந்தது. கார்ல் மார்க்ஸ் 1841இல் கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வு, டெமோக்கிரிட்டஸ், எப்பிக்கியூரஸ் ஆகியோரது இயற்கைத் தத்துவங்களுக்கிடையேயுள்ள வேறுபாட்டைப் பற்றியது. டெமோக்கிரிட்டஸின் உலகில் எல்லாம் அவசியத்தின்பாற்பட்டவை. எப்பிக்கியூரஸோ, நேர்கோட்டில் விழும் அணு தன் பாதையிலிருந்து சிறிதே விலகும் என்றார். பலரும் எள்ளி நகையாடிய இவ்விலகலை இளம் மார்க்ஸ் ஆழ்ந்த பொருளுடையதாகக் கண்டார். ஊழின் பிடியை உடைக்கும் தத்துவ முயற்சியாக அது அவருக்குத் தோன்றிற்று.

நமது நிரலில் இடமா வலமா என்று எழுமாற்றாகத் தீர்மானிக்கும் இடமே எப்பிக்கியூரஸின் விலகலுக்கு ஒப்பானது. ஆயினும் கணனி வழங்கும் எழுமாற்று எண்கள் உண்மையில் ஒரு சூத்திரத்தின் விளைவுகளே. தொடக்க எண்ணை மாற்றாது மறுபடி இயக்கினால், ஒவ்வொரு துணிக்கையும் முன்சென்ற வழியிலேயே பிசகாது செல்லும். விலகல் போலத் தோன்றுவதும் உள்ளே ஊழாகவே இருக்கின்றது. மனித விடுதலையைக் கணனி எண்ணில் தேடுவோருக்கு இது நல்லதோர் எச்சரிக்கை.

5. அளவும் பண்பும்

1987இல் பேர் பாக், சாவோ ராங், கேர்ட் வீசென்ஃபெல்ட் ஆகியோர் மணற்குவியலுக்கு இன்னும் எளிய மாதிரி ஒன்றை வெளியிட்டனர். ஒரு கட்டத்தில் மணிகள் நான்காகும்போது அக்கட்டம் சரிந்து அயலிலுள்ள நான்கு கட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக வழங்கும் என்பதே அதன் விதி. ஒவ்வொரு மணியாக இட்டுக்கொண்டு செல்லும்போது பெரும்பாலானவை எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தா. சில சிறு சரிவை உண்டாக்கும். அரிதாக ஒரு மணி குவியல் முழுவதையும் உலுக்கிவிடும். பேரழிவை விளைத்த மணிக்கும் பயனின்றி நின்ற மணிக்கும் தம்மளவில் வேறுபாடில்லை. வேறுபாடு குவியல் அடைந்திருந்த நிலையிலேயே உள்ளது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என ஏங்கெல்ஸ் விளக்கிய இயங்கியல் விதிக்கு இது தக்க எடுத்துக்காட்டென நம்மவர் உடனே கூற விழைவர். கூறலாம், ஆயின் எடுத்துக்காட்டு நிரூபணமாகாது. உண்மையான மணற்குவியல்கள் இம்மாதிரியைச் செவ்வனே பின்பற்றுவதில்லை. 1996இல் நோர்வேயில் அரிசிமணிகளைக்கொண்டு செய்த பரிசோதனையில், நீண்ட மணியரிசி இம்மாதிரிக்கு இசைய நடந்துகொண்டது. உருண்டையான மணிகள் அவ்வாறு நடக்கவில்லை. பொதுவிதியைக் கூறுவதோடு அமையாது, குறித்த பொருளின் குறித்த தன்மையை ஆராய வேண்டும் என்பது மார்க்சிய ஆய்வுமுறையின் பாலபாடமும் ஆகும்.

6. சரிவின் அடியில் இருப்போர்

இவ்விளக்கம் கண்டிப் பிரதேசத்தில் வாழும் நமக்கு வெறும் அறிவுப் பயிற்சி மட்டுமன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையினால் மலையகமெங்கும் மண்சரிவுகள் நிகழ்ந்தன. மகாவலி பெருகிக் கம்பளை, பேராதனை முதலிய இடங்களின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று.

மலைச்சரிவு உலர்ந்த மணற்குவியல் அன்று. சிறிதளவு ஈரம் துணிக்கைகளைப் பிணைக்கும். நீர் மிகுந்து இடைவெளிகள் நிரம்பும்போது நீரமுக்கம் துணிக்கைகளை ஒன்றையொன்று தாங்கவிடாது தளர்த்தும். உராய்வு குறைந்து சரிவு பெயர்கிறது. இதனாலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக்கொண்டு மண்சரிவு அபாயத்தை மதிப்பிடுகின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் அவதானம், 100 கடந்தால் எச்சரிக்கை, 150 கடந்தால் வெளியேற்றம் என்பன அதன் பொதுவான படிநிலைகள். நமது நிரலில் மணலைச் சூழ்ந்த நீர்க்கட்டங்களை எண்ணி, அவை மிகும்போது மணல் இரண்டு நிரல் தூரம் சரியலாம் என்ற விதியைச் சேர்த்தால், நிலைத்து நின்ற 45 பாகைச் சரிவு மழையில் இடிந்து தாழ்வதைக் காணலாம். பாடசாலை மாணவருக்கும் இதனை விளங்கவைக்கலாம்.

ஆனால் அச்சரிவின் அடியில் ஒரு லயன் வரிசையை வரைந்து பார்ப்போம். நிரலுக்கு அது அசையாத பாறைக் கட்டங்களின் ஒரு கோடு மட்டுமே. அது அங்கே ஏன் இருக்கிறது என்ற வினாவை நிரல் எழுப்பாது. விடை வரலாற்றில் உள்ளது. 1820களிற் கம்பளையை அண்டித் தொடங்கிய கோப்பிச் செய்கையும், கிராம மக்களின் காணிகளை முடிக்குரியனவாக்க வழிசெய்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் ஆரம்பித்த தேயிலைச் செய்கையும் இம்மலைகளின் காட்டை அழித்து அவற்றைப் பெருந்தோட்டங்களாக்கின. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர், தோட்ட நிருவாகம் ஒதுக்கிய இடத்தில், ஒதுக்கிய அறையில் வாழ வேண்டியவராயினர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அவ்வுரிமைக்கான போராட்டம் நீண்டது. குடியிருக்கும் நிலத்தின் உரிமை பெரும்பாலானோருக்கு இன்றும் கிட்டவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் அபாயகரமானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டவருக்கு வெளியேறிச் செல்ல வேறு காணி இருக்கவில்லை.

மனிதரையே துணிக்கைகளாகக் கொள்ளும் மாதிரிகளும் உள்ளன. 1971இல் தோமஸ் ஷெல்லிங் வெளியிட்ட மாதிரியில், அயலவருட் சிலராவது தம்மினத்தவராக இருக்க வேண்டும் என்ற மிதமான விருப்பமே இனங்கள் முற்றாகப் பிரிந்து வாழும் நகரை உருவாக்கிவிடும் எனக் காட்டப்பட்டது. தனிமனித விருப்பத்துக்கும் சமூக விளைவுக்குமுள்ள இடைவெளியைத் தெளிவாக்கிய வகையில் அது பயனுடையதே. ஆயின் இங்கு லயன்கள் கிராமத்தினின்றும் பிரிந்து கிடப்பது அயலவர் விருப்பத்தால் அன்று. மூலதனமும் சட்டமும் அவற்றை அங்கே வைத்தன. ஷெல்லிங்கின் கட்டங்களில் விரும்பியவர் வெற்றிடத்துக்குக் குடிபெயரலாம். மலையகத்தில் வெற்றிடத்துக்கு உரிமைப்பத்திரம் வேண்டும்.

7. ‘போல’ என்னும் உருபு

இலக்கிய மாணவர் இவ்விடத்தில் ஒன்றைக் கூற உரித்துடையர். உவமையில் ‘போல’ முதலிய உருபு வெளிப்பட்டு நின்று, இரு பொருள்களும் வேறு என்பதை நினைவூட்டும். உருவகத்தில் அவ்வுருபு மறைந்து, இரண்டும் ஒன்றெனத் தோன்றும். நாம் இக்கலையை உருவகப்படுத்தல் எனப் பெயரிட்டு வழங்குகிறோம். ஆயினும் அதனை உவமையாகவே வாசிக்க வேண்டும். மணல் இவ்விதி போல நடக்கிறது என்னும்வரை அறிவு வளர்கிறது. சமூகமும் மணலே எனக் கூறத் தொடங்கும்போது, ஆசீவகரின் ஊழ் கணனித் திரையில் மறுபிறப்பெடுக்கிறது. சரிவு இயற்கையின் விதி. அதன் அடியில் வறியவர் வாழ்வது மனிதர் செய்த ஏற்பாடு. முன்னையதை அறிந்து தப்பலாம். பின்னையதை மாற்றியே ஆக வேண்டும்.

ஆதலின், இத்தகைய நிரல்களைத் தமிழிலேயே அமைத்து, தோட்டப் பாடசாலைகள் வரை கொண்டுசெல்வது பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். விஞ்ஞானபீட மாணவர் விதிகளை வகுக்கட்டும். புவியியல் மாணவர் சரிவின் கோணங்களை அளந்து தரட்டும். வரலாற்று, இலக்கிய மாணவர் அத்திரையில் இடம்பெறாதவற்றை எழுதிச் சேர்க்கட்டும். எத்தனை மில்லிமீற்றர் மழையில் மலை சரியும் என்பதை அறிந்த தலைமுறை, அம்மலையின் அடியில் தன்னைக் குடியிருத்தியது எது என்பதையும் கேட்கும்.